கோபுரத்தில் தொலைந்த துளி

லாக் புத்தகத்தில் அந்த வரி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “கிளைகால் ஒரு பேரல் டாப் அப்.” பக்கத்தில் நேரம், கீழே கையெழுத்து. ஊற்றியவர் யார், பீப்பாயின் பேட்ச் எண் என்ன, எல்லாம் இருக்கும். போன வாரம் ஊற்றிய பீப்பாய் எங்கே போனது என்பதற்கு மட்டும் அந்தப் பக்கத்தில் கட்டம் கிடையாது.

என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் எரிவாயு நிலையங்களில் கழிந்தது. கம்ப்ரஸர் நின்றுவிட்டால் நள்ளிரவிலும் நாலு பேர் ஓடிவருவார்கள். கிளைகால் குறைந்தால் யாரும் ஓடிவருவதில்லை. ஸ்டோரிலிருந்து இன்னொரு பீப்பாய் உருண்டு வரும், அவ்வளவுதான். அந்தப் பீப்பாய்க்குள் இருக்கும் ஒரு துளியை, அது பிறந்த இடத்திலிருந்து தொலைந்த இடம் வரை தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

கரும்பிலிருந்து தொடங்குகிறேன். உத்தரகண்டின் காசிப்பூரில் உள்ள இந்தியா கிளைகால்ஸ் தொழிற்சாலை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து எடுத்த ஆல்கஹாலிலிருந்து கிளைகால் செய்வதற்குப் பேர்போனது. உலகத்தில் பெரும்பகுதி கிளைகாலுக்குத் தாய், பெட்ரோலியத்திலிருந்தோ எரிவாயுவிலிருந்தோ வரும் எத்திலீன். இங்கேயோ அந்த எத்திலீன் கரும்பு வயல் வழியாக வருகிறது. ஆல்கஹாலிலிருந்து நீரைப் பிரித்தால் எத்திலீன். அதை வெள்ளி வினையூக்கியின் மேல் ஆக்சிஜனோடு ஓடவிட்டால் எத்திலீன் ஆக்ஸைடு. இந்த வெள்ளி வழியை 1931-இல் கண்டுபிடித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த தியோடர் லெஃபோர். எத்திலீன் ஆக்ஸைடு நீரோடு சேரும்போது கிளைகால் பிறக்கிறது.

ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகள். நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூறு பங்கு மூத்தவன் மோனோ எத்திலீன் கிளைகால். அவன் பாலியெஸ்டர் துணியாகவும், வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டாகவும் போய்விடுவான். அடுத்தவன் டை எத்திலீன் கிளைகால். கடைசியாக, நூற்றில் ஒன்று என்ற அளவில் வருபவன் டிரை எத்திலீன் கிளைகால். நம் துளி இந்தக் கடைக்குட்டி. எரிவாயு நிலையத்தில் ‘டெக்’ என்றோ வெறுமனே ‘கிளைகால்’ என்றோ சொன்னால் இவனைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கோவாவில் பிறந்த அகோஸ்தின்ஹோ விசென்டே லொரென்சோ, பாரீஸுக்குப் போய், அடால்ஃப் வூர்ட்ஸ் என்ற பெரிய வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். கிளைகால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக நீட்டலாம் என்று அவரும் வூர்ட்ஸும் தனித்தனியே 1859 வாக்கில் காட்டினார்கள். டிரை என்பது அந்தச் சங்கிலியில் மூன்று கண்ணி. பாலிமர் வேதியியலின் முன்னோடிகளில் ஒருவர் லொரென்சோ. நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை; இருக்க வேண்டிய பெயர்.

மூன்று கண்ணிச் சங்கிலியின் இரண்டு முனையிலும் நீரைப் பிடிக்கும் கை இருக்கிறது. நடுவிலுள்ள ஆக்சிஜன்களும் நீரை இழுக்கும். இதன் கொதிநிலை 288 டிகிரிக்குப் பக்கம். நீரின் கொதிநிலை 100. நீரை விரும்பிப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் நீரை மட்டும் விட்டுவிட்டுத் தான் தங்கிவிடும். எரிவாயுக்காரர்களுக்கு இதைவிடத் தோதான திரவம் வேறு இல்லை.

எரிவாயுவிலிருந்து நீரை ஏன் எடுக்க வேண்டும்? நிலத்தடியிலிருந்து வரும் வாயு எப்போதும் ஈரமாகத்தான் வரும். 1930-களில் அமெரிக்கக் குழாய்ப் பாதைகளில் குளிர்காலத்தில் வெண்பனி மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டது. தண்ணீர் உறையாத குளிரிலும் அடைத்தது. அது வெறும் பனி அல்ல, நீர் மூலக்கூறுகள் கூடு கட்டி அதற்குள் வாயுவைச் சிறைபிடித்த ஹைட்ரேட் என்று 1934-இல் ஹேமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் எழுதினார். அழுத்தம் அதிகமானால் 15, 20 டிகிரியிலேயே அது கட்டிப்படும். அரிப்பு வேறு. அதனால் குழாயில் ஏற்றும் முன் வாயுவை உலர்த்தியே ஆக வேண்டும்.

அதே 1934-இல், அவர் எழுதிய அதே ‘இண்டஸ்ட்ரியல் அண்ட் எஞ்சினியரிங் கெமிஸ்ட்ரி’ இதழில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சவுடர்ஸும் பிரவுனும் இன்னொரு கட்டுரை எழுதியிருந்தார்கள். மேலே ஏறும் வாயு எந்த வேகத்தைத் தாண்டினால் திரவத் துளியைத் தூக்கிக்கொண்டு போகும் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். ஏன் உலர்த்த வேண்டும் என்று ஒரு கட்டுரை சொன்னது. உலர்த்தும் துளி எப்படித் தொலையும் என்பதற்கான கணக்கு மற்றதில் இருந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து நம் துளி 200 லிட்டர் பீப்பாயில் கிளம்புகிறது. தண்ணீரைவிடக் கனம், பீப்பாய்க்குள் இருப்பது மட்டும் 225 கிலோ. தண்ணீர் போலவே நிறமற்றது, கையில் பட்டால் கொஞ்சம் வழவழப்பு, வாசனை அநேகமாக இல்லை. இந்தியாவில் இப்படிப் போகும் பீப்பாய்களில் ஒரு பங்கு நாவா தளத்திலிருந்து கப்பலேறி, மும்பைக்கு மேற்கே 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பை ஹை மேடைகளுக்குப் போகிறது. அங்கே கிரேன் தூக்கி இறக்கும் ஒவ்வொரு பீப்பாயும் கடலைத் தாண்டி வந்தது.

இனி சுற்றுப்பாதை. நாளொன்றுக்கு 30 லட்சம் கன மீட்டர் வாயுவை 70 பார் அழுத்தத்திலும் 40 டிகிரியிலும் வாங்கும் நடுத்தர நிலையம் என்று வைத்துக்கொள்வோம். வாயு முதலில் ஸ்க்ரப்பருக்குள் போகும். அது நின்றுகொண்டிருக்கும் ஓர் உருளைப் பாத்திரம். வாயுவோடு வரும் தண்ணீரும் கண்டென்சேட் எனும் லேசான எண்ணெயும் அங்கே விழுந்துவிட வேண்டும். பிறகு வாயு உலர்த்தும் கோபுரத்தின் அடியில் நுழைந்து தட்டுத் தட்டாக மேலே ஏறும். கிளைகால் உச்சியிலிருந்து தட்டுத் தட்டாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு தட்டிலும் வாயு கிளைகாலுக்குள் குமிழியிட்டு, ஈரத்தைக் கொடுத்துவிட்டு ஏறும்.

ஈரம் குடித்த கிளைகால் கோபுரத்தின் அடியிலிருந்து ஃபிளாஷ் டேங்குக்குப் போகும்; அழுத்தம் தளர்ந்ததும் கரைந்திருந்த வாயு அங்கே பிரியும், எண்ணெய் இருந்தால் மேலே மிதக்கும். பிறகு ஃபில்டர்கள், வெப்பப் பரிமாற்றி, கடைசியில் ரீபாய்லர். அங்கே 200 டிகிரி வரை சூடு. நீர் ஆவியாகி, தலைமேல் இருக்கும் ‘ஸ்டில் காலம்’ என்ற தூண் வழியாக வெளியேறும். 204, 205 டிகிரியைத் தாண்டினால் கிளைகாலே சிதையத் தொடங்கும் என்பதால் அந்தச் சூட்டை யாரும் விளையாட்டாக ஏற்றுவதில்லை. நீர் நீங்கிய கிளைகால் குளிர்ந்து, பம்பு வழியே மறுபடியும் கோபுரத்தின் உச்சிக்கு ஏறும்.

இந்த நிலையத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,000 லிட்டர் நீர் வாயுவிலிருந்து இறங்குகிறது. ஒரு லிட்டர் நீருக்கு 25 லிட்டர் கிளைகால் என்ற வழக்கமான கணக்கில் ஒரு நாளில் 75,000 லிட்டர் சுற்ற வேண்டும். மொத்த இருப்பு 6,000 லிட்டர் என்றால் ஒவ்வொரு துளியும் நாளுக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் சுற்றுகிறது. நன்றாக ஓடும் நிலையத்தில், பத்து லட்சம் கன மீட்டர் வாயுவுக்குப் பதின்மூன்று லிட்டர் இழப்பு என்பது தொழிலில் ஒப்புக்கொண்ட அளவு. நம் நிலையத்துக்கு நாளுக்கு 40 லிட்டர். ஐந்து நாளுக்கு ஒரு பீப்பாய். அப்படியானால் ஒரு துளியின் சராசரி ஆயுள் 150 நாள். கிட்டத்தட்ட 1,900 சுற்று.

அதே நிலையம் தினம் ஒரு பீப்பாய் குடிக்க ஆரம்பித்தால் துளியின் ஆயுள் 30 நாளாகச் சுருங்கிவிடும்.

துளி வெளியே போக வாசல்கள் அதிகமில்லை. கோபுரத்தின் உச்சி, ஸ்டில் காலத்தின் வாய், ஃபிளாஷ் டேங்கில் எண்ணெயோடு வடிப்பது, கசிவு, ஆவி. இவற்றில் கோபுரத்தின் உச்சிதான் பெரிய வாசல். அங்கே காவல்காரன் போல ஒரு கம்பிப் பின்னல் இருக்கிறது. மிஸ்ட் எலிமினேட்டர் என்பது அதன் முழுப்பெயர். எல்லாரும் ‘பேட்’ என்பார்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஸ்வெட்டர் மாதிரிப் பின்னி, அடுக்கி, நான்கு முதல் ஆறு அங்குலக் கனத்தில் கோபுரத்தின் குறுக்கே பரப்பியிருப்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி வெற்றிடம்தான். வாயு கம்பியைச் சுற்றி வளைந்து போய்விடும். துளிக்குக் கனம் உண்டு. அதனால் அத்தனை சுலபமாக வளைய முடியாது. திருவிழாக் கூட்டத்தில் ஓடுபவன் தூணில் மோதுவது போலக் கம்பியில் மோதி ஒட்டிக்கொள்ளும். அடுத்த துளி வந்து சேரும், இன்னொன்று சேரும், கனம் கூடியதும் சொட்டாகக் கீழே விழும். பத்து மைக்ரான் அளவுள்ள துளி வரை பேட் பிடித்துவிடும். தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு அது.

வாயு மிக மெதுவாக வந்தால் துளியும் அதோடு சாவகாசமாக வளைந்து தப்பிவிடும். மிக வேகமாக வந்தால் கம்பியில் ஒட்டிய துளியை வாயு மறுபடியும் பிய்த்துக்கொண்டு போகும். சவுடர்ஸ், பிரவுன் கணக்கு இந்த மேல் எல்லையைச் சொல்கிறது. 70 பாரில் வாயு எவ்வளவு வேகமாக ஏறலாம் என்று போட்டுப் பார்த்தால் வினாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாக வரும். சாயங்காலம் தெருவில் உலாவுகிறவரின் நடையில் பாதி வேகம்கூட இல்லை. அவ்வளவு அமைதியான இடம் கோபுரத்தின் உச்சி. அந்த அமைதி கெட்டால் துளி தொலையும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எரிவாயு வயலுக்கு வயதாக ஆக அழுத்தம் இறங்கும். 70 பார் 35 ஆனால் அதே அளவு வாயு இரண்டு மடங்கு இடம் கேட்கும். கோபுரத்துக்குள் அதன் வேகம் இரட்டிக்கும். பேட் தாங்கும் வேகமோ ஒன்றரை மடங்குகூட ஏறாது. நிலையத்தில் எதுவுமே மாறவில்லை, வாயுவின் அளவுகூடக் கூடவில்லை, ஆனாலும் கிளைகால் போகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய அழுத்தத்தையும் இன்றைய அழுத்தத்தையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கும்.

நுரை இன்னொரு சங்கதி. சுத்தமான கிளைகால் அதிகம் நுரைக்காது. கண்டென்சேட், துருத்தூள், கிணற்றில் ஊற்றிய அரிப்புத் தடுப்பு மருந்து, இவற்றில் ஏதாவது கலந்தால் தட்டுகளில் நுரை எழும்பும். ஒரு தட்டின் நுரை மேல் தட்டைத் தொட்டுவிட்டால் பிறகு பேட் என்ன செய்யும்? சோப்புநீரை வலைச் சல்லடையில் பிடிக்கச் சொல்வது போலத்தான். உச்சியில் இறங்கும் கிளைகால், வரும் வாயுவைவிட ஐந்தாறு டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். கிளைகால் குளிர்ச்சியாக இருந்தால் வாயுவிலிருக்கும் கனமான பகுதி கோபுரத்துக்குள்ளேயே எண்ணெயாக இறங்கி நுரையைக் கிளப்பும். அதற்காக ரொம்பச் சூடாக்கினாலும் வம்பு: கிளைகால் ஆவியாகி வாயுவோடு போகும், வாயுவும் சரியாக உலராது. உள்ளே வரும் வாயுவே 50 டிகிரியைத் தாண்டினால் ஆவி இழப்பு வேகமாக ஏறும். ஏர் கூலர் மட்டும் உள்ள நிலையங்களில் கோடைகாலப் பீப்பாய்க் கணக்கையும் மழைக்காலக் கணக்கையும் ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரியும்.

நான் நேரில் பார்த்த ஓர் இழப்பைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

ஐந்து நாளுக்கு ஒரு பீப்பாய் என்றிருந்த இடம் திடீரென்று இரண்டு நாளுக்கு ஒன்று, பிறகு தினம் ஒன்று என்று ஆனது. எல்லாரும் சொன்ன முதல் பதில் நுரை. நுரையடக்கி மருந்தை ஊற்றினோம். இரண்டு நாள் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது, பிறகு பழைய கதை. இன்னும் ஊற்றினோம். சிலிக்கோன் கலந்த அந்த மருந்தை அளவுக்கு மீறி ஊற்றினால் அதுவே நுரைக்குத் துணைபோகும். கார்பன் ஃபில்டர் வேறு அதை உறிஞ்சிக்கொண்டு சீக்கிரம் செத்துப்போகும். இரண்டும் நடந்தது. இளம் எஞ்சினியரான நான் இன்னும் அதிகம் மருந்து கேட்டு இண்டென்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஷிப்டில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அன்று என் மேசைமேல் ஒரு கண்ணாடிச் சீசாவை வைத்தார். ராத்திரி கோபுரத்தின் அடியிலிருந்து பிடித்து வைத்த கிளைகால்.

“சார், இதைக் கொஞ்சம் பாருங்க. அசைக்காம பாருங்க.”

தேநீர் நிறத்தில் கிளைகால். அதன் மேல் விரல்கடை உயரத்துக்குத் தெளிவான இன்னொரு திரவம் மோதிரம் மாதிரி நின்றிருந்தது.

“என்னண்ணே இது, கண்டென்சேட்டா?”

“ஆமா சார். இது எப்படி டவருக்குள்ள வந்துச்சு? ஸ்க்ரப்பர் பிடிச்சிருக்கணும்ல?”

பிறகு சீசாவைக் குலுக்கினார். சீசாவின் கழுத்து வரை நுரை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல கிளைகாலில் சில வினாடியில் உடையும் நுரை, நாங்கள் நின்ற நேரமெல்லாம் உடையவில்லை. கோபுரத்தில் நுரை இருந்தது உண்மைதான். ஆனால் அது நோயின் பெயர். காரணம் அதற்கு முன்னால் இருக்கும் பாத்திரத்தில் இருந்தது.

அவர் லாக் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். இழப்பு கூடிய வாரத்துக்கு முந்தைய வாரம் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அன்று கம்ப்ரஸர் டிரிப் ஆகி, வாயுவை அவசரமாக ஃபிளேருக்குத் திறந்திருந்தார்கள். ஸ்க்ரப்பரின் அழுத்தம் சில நிமிடத்தில் சடசடவென்று இறங்கியிருந்தது.

அடுத்த ஷட்டவுனில் ஸ்க்ரப்பரில் ஆள் நுழையும் வாயான மேன்வேயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளேயும் கம்பிப் பின்னல் பேட்தான். தனித்தனித் துண்டாக வைத்து, அடியிலுள்ள சட்டத்தோடு மெல்லிய கம்பியால் கட்டியிருப்பார்கள். கட்டுக்கம்பிகளில் பாதி அரித்து அறுந்திருந்தன. அழுத்தம் இறங்கிய வேகத்தில் வாயு மேல்நோக்கிப் பாய்ந்து நடுத் துண்டு ஒன்றைத் தூக்கி நிமிர்த்தியிருந்தது. திறந்த கதவு போல அது சாய்ந்து நின்றது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வழி. மற்ற துண்டுகள் சுத்தமாக, உலர்ந்து, புதிது போல இருந்தன. வாயு முழுவதும் அந்த வழியாகவே போயிருக்கிறது. அவற்றுக்கு வேலையே இருந்திருக்காது. அந்தச் சந்தின் ஓரக் கம்பிகள் மட்டும் கறுத்து எண்ணெய் வடிந்துகொண்டிருந்தன. இன்றும் எனக்கு அந்தக் காட்சி அப்படியே நினைவில் இருக்கிறது.

கிளைகால் துளி கோபுரத்தின் உச்சியில் தொலைந்தது. தொலைத்த ஓட்டையோ கோபுரத்தில் இல்லை. இருபது அடி தள்ளி இன்னொரு பாத்திரத்தில் இருந்தது. பேட்டை எஃகுத் தண்டு வைத்து இறுகக் கட்டினார்கள். வால்வைத் திறக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு எழுதி ஒட்டினார்கள். நுரையடக்கி மருந்து ஸ்டோரிலேயே தங்கிவிட்டது.

ஸ்டில் காலத்தின் வாயைப் பற்றியும் கொஞ்சம். அங்கே தலைச்சூடு 100 டிகிரியை ஒட்டி இருந்தால் நீர் மட்டும் போகிறது என்று அர்த்தம். அதைவிட வெகுவாக ஏறினால் கிளைகாலும் ஆவியாகக் கிளம்பிவிட்டது. கண்டென்சேட் ரீபாய்லர் வரை போய்ச் சேர்ந்தால் இன்னும் மோசம்: சூட்டில் அது ஒரே மூச்சில் ஆவியாகிப் பொங்கும், கிளைகாலை வாய்வழியே வாரி வெளியே துப்பும். ஸ்டில் காலத்தின் வெளிச்சுவரில் பழுப்பு வழிசல் தெரிந்தால் அது நடந்திருக்கிறது. ஸ்க்ரப்பரில் தவறவிட்ட எண்ணெய் இப்படி இரண்டு வாசலையும் திறந்துவிடும்.

சிதைந்த கிளைகாலுக்கு ஒரு வாசனை உண்டு. சீசாவைத் திறந்தவுடனேயே தெரியும்: கருகிய சர்க்கரை வாசனை. கரும்பிலிருந்து வந்த துளியானாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்த துளியானாலும் கடைசியில் ஒரே வாசனைதான். கூடவே பி.எச். அளவு இறங்கும். 7-க்கும் 8-க்கும் நடுவில் இருக்க வேண்டியது 6-க்குக் கீழே போனால் குழாய் அரிக்கத் தொடங்கும், துருத்தூள் சேரும், நுரை கூடும். ஒரு கோளாறு அடுத்ததைக் கையோடு கூட்டிவரும்.

கசிவை யாரும் மதிப்பதில்லை. பம்பு பேக்கிங்கில் நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் துணியை வைத்துத் துடைத்துவிட்டுப் போவோம். இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் அது நாளுக்கு நாலு லிட்டருக்கு மேல். நாலு பம்பில் இப்படி இருந்தால் ஒப்புக்கொண்ட 40 லிட்டரில் கிட்டத்தட்ட பாதி தரையிலேயே போய்விட்டது. ஃபில்டர் மாற்றும்போது பாத்திரத்தில் நிற்பதைச் சாக்கடையில் வடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தொலையாமலே தொலைந்ததாகத் தெரியும் துளியும் உண்டு. சூடாக ஓடும்போது பார்த்த மட்டத்தை, நிலையம் நின்று குளிர்ந்த பிறகு பார்த்தால் இறங்கியிருக்கும். கிளைகால் சூட்டில் விரியும் குணம் உடையது. 6,000 லிட்டர் 50 டிகிரி குளிர்ந்தால் 200 லிட்டர் சுருங்கும். சரியாக ஒரு பீப்பாய். அதைப் பார்த்துப் பதறி ஒரு பீப்பாயை ஊற்றி, மறுநாள் சூடானதும் கிளைகால் இருப்பு நிற்கும் சர்ஜ் டேங்க் நிரம்பி வழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இழப்பைத் தேடும் முன், இழப்பு நிஜமா என்று அதே சூட்டில், அதே நேரத்தில், அதே கண்ணாடியில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நுரை நிற்கும்போது லெவல் கருவியும் பொய் சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது.

கோபுரத்தின் உச்சி வழியே தப்பிய துளி அதற்குப் பிறகு எங்கே போகிறது? காற்றில் கலந்து மறைந்துவிடுவதில்லை. வாயுவோடு குழாயில் பயணம் செய்து, மேடு பள்ளத்தில் பள்ளம் வந்த இடத்தில் சுவரோடு வழிந்து தங்கும். துருவும் எண்ணெயும் மெழுகும் அதோடு சேரும். குழாயைத் துடைக்க ‘பிக்’ என்ற கருவியை உள்ளே விடும்போது, மறுமுனையில் ரிசீவரைத் திறந்தால் கறுத்த பாகாக வெளியே வரும். அதற்கு முன்பே வழியிலுள்ள மீட்டரில் படிந்து அளவைக் கெடுத்திருக்கும், கம்ப்ரஸர் வால்வுகளில் ஒட்டியிருக்கும். நான் ஒருமுறை அந்தப் பாகை வாளியில் பிடித்துப் பார்த்தேன். நிறமற்ற, வாசனையற்ற, வழவழப்பான அந்தக் கடைக்குட்டிதான் இது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கோபுரத்துக்குப் பிறகு, வாயு வெளியேறும் வழியில், ஒரு சின்னப் பிடிப்புப் பாத்திரம் பல நிலையங்களில் இருக்கிறது. அதன் அடியில் ஒரு வடிகால் வால்வு. ஷிப்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து, வருவதை ஒரு அளவுக் குடுவையில் பிடித்து, எத்தனை லிட்டர் என்று எழுதினாலே போதும். துளி உச்சி வழியாகப் போகிறதா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். ஸ்டில் காலத்தின் வாயிலிருந்து குளிர்ந்து வடியும் நீரில் கொஞ்சம் பிடித்துச் சோதித்தால் அந்த வாசலின் சங்கதியும் தெரியும். கோபுரத்துக்குக் கதிர்வீச்சு ஸ்கேன் எடுத்து எந்தத் தட்டில் நுரை நிற்கிறது என்று பார்க்கும் வசதியும் இருக்கிறது. அது செலவு பிடிக்கும். குடுவைக்கும் சீசாவுக்கும் செலவில்லை.

இதை வாசிப்பவர்களில் எரிவாயு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கும் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பீப்பாயின் மூடியைத் திறக்கும் முன், கோபுரத்தின் அடியிலிருந்து ஒரு சீசா பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பிறகு லாக் புத்தகத்தில் “ஒரு பேரல் டாப் அப்” என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், அன்றைய வாயுவின் அழுத்தம், வாயுவின் சூடு, உச்சியில் இறங்கும் கிளைகாலின் சூடு, ஸ்டில் காலத்தின் தலைச்சூடு, சீசாவில் கண்டது, இந்த ஐந்தையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.